சின்ன எழுத்தில் ஒரு ஜாமீன்

நைனா செத்துப் பதினோரு மாதம் ஆகிறது. வேலூர்ப் பக்கத்து வழக்கப்படி எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். இப்போது நானும் அம்மாவும் மட்டும், பூனாவுக்குப் பக்கத்தில் தேஹு ரோடு பஜாருக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம். சொந்த வீடு வாங்க வைத்திருந்த பணம் எங்கே போனது என்பதைத்தான் எழுதப்போகிறேன். பணத்தைப் பற்றி மட்டும் என்றால் எழுதியிருக்க மாட்டேன். நைனாவை எல்லோரும் படிக்காத முட்டாள் என்று நினைத்துவிட்டார்கள். கொஞ்ச நாள் நானும் நினைத்தேன்.

நைனாவுக்கு இங்கே இருக்கிற ராணுவ வெடிமருந்து டிப்போவில் பெயின்டர் வேலை. சுவருக்கு அடிக்கிற பெயின்டர் இல்லை. குண்டும் தோட்டாவும் வைக்கிற பெட்டிகளின் மேல் எழுத்து அடிக்கிறவர். எழுத்து வெட்டின தகரத்தைப் பெட்டியின் மேல் அழுத்திப் பிடித்து, பிரஷ்ஷால் தட்டித் தட்டி அடிப்பார். உள்ளே இருப்பது வெடிக்குமா, எரியுமா, எந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் இதை வைக்கக் கூடாது என்பதெல்லாம் வெளியே இருக்க வேண்டும். முப்பது வருஷம் அதைத்தான் செய்தார்.

"உள்ள இன்னா கீதுன்னு வெளியவே தெரியணும். தூக்கறவன் தெறந்து பாத்துகினு இருப்பானா?" என்பார்.

இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்தது. கக்கூஸ் கழுவுகிற ஆசிட் பாட்டில், மண்ணெண்ணெய் டின், எலி மருந்து டப்பா எல்லாவற்றிலும் சிவப்பு பெயின்டில் ஒரு குறி இருக்கும். மிளகாய்த்தூள் டப்பாவிலும் ஒருநாள் அடித்துவிட்டார். "அப்பிடியே என் நெத்தியிலயும் ஒண்ணு அடிச்சி உடுங்க, வர்றவங்க தள்ளி நிக்கட்டும்" என்றாள் அம்மா. அப்போதெல்லாம் அவர்கள் இப்படிப் பேசிக்கொள்வார்கள்.

தொண்ணூறுகளில் டிப்போவில் எல்லோருக்கும் ஷேர் பைத்தியம் பிடித்தது. ஸ்டேஷன் வாசலில் கடலை விற்பது மாதிரி ஷேர் ஃபாரம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நைனாவோடு வேலை செய்த ஸ்டோர்கீப்பர் ஒருவர் இருந்தார். மராட்டிக்காரர், நான் காகா என்று கூப்பிடுவேன். அவர்தான் நைனாவுக்கு ஃபாரம் எழுதிக் கொடுத்தார். பூனாவிலேயே இருந்த ஒரு பம்ப் கம்பெனி. அவர்கள் பம்ப்பை நைனா கண்ணால் பார்த்திருக்கிறார், கையால் தட்டியும் பார்த்திருக்கிறார். வார்ப்பு நல்ல வார்ப்பு என்றார். முதலில் கொஞ்சம் போட்டார். ரிட்டயர் ஆனதும் பிராவிடண்ட் ஃபண்டில் வந்ததில் பெரும்பகுதியை அதிலேயே போட்டார்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டிப்போ சொசைட்டியில் யாராவது லோன் எடுத்தால் இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். நைனா யாருக்கும் போட்டதில்லை. அம்மாவின் தம்பிக்கே போடவில்லை. மாமா இரண்டு வருஷம் எங்கள் வாசல் மிதிக்கவில்லை. அவ்வளவு பயந்த மனுஷன்.

வருஷத்துக்கு ஒரு தடவை கம்பெனியிலிருந்து தபாலில் புத்தகம் வரும். பளபளவென்று அட்டை, வாசனையான பேப்பர். நைனா கையைக் கழுவிக்கொண்டு வந்துதான் பிரிப்பார். அவருக்கு இங்கிலீஷில் பெரிய எழுத்துதான் சரளமாக வரும். தகரத்தில் வெட்டினது எல்லாம் பெரிய எழுத்து, அதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவர். அதனால் தலைப்புகளைப் படிப்பார். படங்களைப் பார்ப்பார். சேர்மன் எழுதின கடிதத்தில் கொட்டையாகப் போட்டிருக்கும் வரிகளை விரல் வைத்துப் படிப்பார். பின்பக்கம் எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்தில் நிறையப் பக்கங்கள் இருக்கும். அது ஆபீஸ் கணக்கு, நமக்கு இல்லை என்பார். கடைசியில் இருக்கும் சீட்டைக் கிழித்து எடுத்துக்கொண்டு, ஷேர் வாங்கினவர்களுக்குக் கம்பெனி வருஷா வருஷம் வைக்கிற மீட்டிங்குக்குப் போவார். சீட்டைக் காட்டினால்தான் ஹாலுக்குள் விடுவார்கள். புத்தகத்தை பீரோவுக்கு மேல் அடுக்கி வைப்பார்.

அந்தக் கம்பெனி விழுந்தது எங்களுக்கு டீக்கடை பேப்பரில்தான் தெரிந்தது. கம்பெனி முதலாளியின் மருமகன் வேறொரு கம்பெனி நடத்தினார். அவர் பேங்கில் வாங்கின கடனைக் கட்டவில்லை. பம்ப் கம்பெனி அதற்கு ஜாமீன் நின்றிருந்தது. பேங்க்காரர்கள் இவர்கள் மேல் வந்து விழுந்தார்கள். ஷேரை விற்கலாம் என்று போனால் வாங்க ஆள் இல்லை. பிறகு மார்க்கெட்டில் அந்த ஷேரின் வியாபாரத்தையே நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

நைனா கட்டிலில் உட்கார்ந்து, "நம்மகிட்ட சொல்லவே இல்லியே" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

அம்மா சொன்னாள்: "புக்கு புக்கா வந்துச்சே. ஒண்ணாவது தெறந்து படிச்சீங்களா?"

அதற்கு அப்புறம் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. எட்டு மாதம் என் வழியாகத்தான் பேச்சு. சோறு போட்டிருக்கு என்று சொல்லு, வேண்டாம் என்று சொல்லு. ஒரு ரூமில் இருந்துகொண்டு இப்படி. ஒருநாள் காலை பால் வாங்கிக்கொண்டு வந்தவர் வாசல்படியில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவே இல்லை. பால் பாக்கெட் மடியில் அப்படியே இருந்தது.

சாவுக்கு வந்தவர்களிடம் அம்மா அழவில்லை. "படிக்காம போட்டாரு, அதுலயே போயிட்டாரு" என்றாள். வந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். அந்தத் தலையாட்டல்தான் எனக்குத் தாங்கவில்லை.

நான் ஹிஞ்சேவாடியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி பேன்ட்ரியில் வேலை செய்கிறேன். டீ மெஷினுக்குப் பால் பவுடர் போடுவது, கப் அடுக்குவது, மேஜை துடைப்பது. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு அது நல்ல வேலை. நைனா போய் சில மாதம் கழித்து காகா வீட்டுக்கு வந்தார். ஷேர் வாங்கி ஏமாந்த ரிட்டயர் ஆட்கள் பதினோரு பேர் சேர்ந்து சர்க்காருக்கு மனு கொடுக்கப்போகிறார்களாம். வக்கீல் டைப் பண்ணிக் கொடுத்திருக்கிறார். இப்படி ஒரு ஜாமீன் இருப்பதைக் கம்பெனி எங்களுக்கு எந்த விதத்திலும் தெரிவிக்கவில்லை என்று எல்லோரும் சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். நைனாவுக்குப் பதில் அம்மா போட வேண்டும்.

அம்மா முடியாது என்றாள். அந்த மனுஷன் படிக்கவில்லை, நான் எதற்குச் சத்தியம் பண்ண வேண்டும் என்றாள். காகா யோசித்துச் சொல்லுங்கள், வேறொரு நாள் வருகிறேன் என்று போய்விட்டார்.

எனக்கு அந்தக் கையெழுத்து வேண்டும். பணம் திரும்பி வரும் என்று நான் நம்பவில்லை. அம்மா கையால், அவர் ஏமாற்றப்பட்டார் என்று ஒரு பேப்பரில் இருக்க வேண்டும். அதனால் தினமும் அவளை அரித்தேன். புத்தகத்தில் அப்படி ஒன்றும் இல்லை, இருந்தால் நைனா பார்த்திருப்பார், வேண்டுமானால் படித்தவர்களிடம் காட்டி நிரூபிக்கிறேன் என்றேன். சரி, காட்டு என்றாள்.

பீரோ மேல் இருந்து கடைசி ஐந்து வருஷத்துப் புத்தகங்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். எங்கள் ஆபீஸில் கோயம்புத்தூர் அக்கா ஒருவர் இருக்கிறார். வாகட்டில் வீடு. நாலு மணிக்கு டீக்கு வரும்போது என்னோடு தமிழ் பேசுவார். "இந்த மெஷினு டீயக் குடிச்சா நாக்குக்கே கோவம் வருது கண்ணு" என்று சொல்லிவிட்டு இரண்டு கப் குடிப்பார். சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் கேட்டேன். எனக்குக் கணக்கு தெரியாது, இங்கிலீஷ் தெரியும், பார்க்கலாம் என்று உட்கார்ந்தார்.

முன்பக்கத்தில் ஆபத்துகள் என்றே ஒரு தலைப்பு இருந்தது. பெரிய எழுத்தில். அக்கா தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். மழை பொய்த்தால் விவசாயிகள் பம்ப் வாங்க மாட்டார்கள். இரும்பு விலை ஏறலாம். வெளிநாட்டுச் சாமான் போட்டிக்கு வரலாம். அவ்வளவுதான். ஜாமீன் என்று ஒரு வார்த்தை இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பாருங்கள், சொல்லவில்லை என்றேன்.

அக்கா புத்தகத்தை மூடவில்லை. பின்னால் புரட்டினார். எறும்பு எழுத்துக்குப் போனார். விரல் ஒரு இடத்தில் நின்றது. படித்துவிட்டு என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"இங்க இருக்குது கண்ணு. வேற ஒரு கம்பெனி வாங்குன லோனுக்கு இவங்க கேரண்டி குடுத்திருக்காங்களாம்."

"கேரண்டின்னா ஜாமீனா?"

"ஜாமீன்தானுங்க."

மற்ற நாலையும் பார்த்தார். ஐந்திலும் இருந்தது. வருஷா வருஷம் தொகை மட்டும் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. இரண்டு வரி. யாரும் அதைப் பற்றி முன்பக்கத்தில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மழை, இரும்பு, வெளிநாடு என்று அவர்கள் கையில் இல்லாததை எல்லாம் கொட்டை எழுத்தில் சொல்லியிருந்தார்கள். அவர்களே செய்த ஒன்றை மட்டும் கடைசியில் வைத்திருந்தார்கள்.

இப்படி எழுதலாமா, சட்டம் இல்லையா என்று கேட்டேன். எழுத வேண்டும் என்று சட்டம் இருக்கும், எங்கே எழுத வேண்டும் என்று இருக்குமோ என்னவோ தெரியவில்லை என்றார் அக்கா. அவருடைய டிபன் பாக்ஸில் தயிர் சாதம் அப்படியே இருந்தது. சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு மேஜை துடைக்கப் போனேன்.

உள்ளதைச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்குக் கம்பெனி மேல் கோபம் வரவில்லை. நைனா மேல்தான் வந்தது. ஐந்து வருஷம் வீட்டுக்கே வந்திருக்கிறது. கூடப்பிறந்தவனை மாதிரி இருந்த மச்சானுக்கு ஜாமீன் போடாதவர், யாரோ ஒரு மருமகனுக்கு ஜாமீன் போட்ட கம்பெனியைத் தலைமாட்டில் அடுக்கி வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறார். என்னிடம் கொடுத்திருந்தால் நான் யாரிடமாவது கேட்டிருப்பேனே என்று நினைத்தேன். வாகட் சிக்னலில் ஷேர் ஆட்டோ முக்கால் மணி நேரம் நகரவே இல்லை. மடியில் அந்த ஐந்து புத்தகமும் கனத்தது.

வீட்டில் சொல்லவில்லை. காட்டினாயா என்று அம்மா கேட்டாள். அக்கா லீவு என்று பொய் சொன்னேன். நாலு நாள் அப்படியே ஓட்டினேன். அம்மா அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள் போல. என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டாளோ என்னவோ, காகா வந்தால் போடுகிறேன் என்று அவளாகவே சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குக் காகா வந்தார். அம்மா கை துடைத்துக்கொண்டு வந்து, முந்தானையை இழுத்துப் போர்த்தி, கீழே உட்கார்ந்தாள். காகா இந்தியில் பேப்பரைப் படித்து அர்த்தம் சொன்னார். எந்த விதத்திலும் தெரிவிக்கவில்லை என்ற இடம் வந்தது. அம்மா பேனா மூடியைத் திறந்தாள்.

நான் சொல்லிவிட்டேன். புத்தகத்தில் இருக்கிறது காகா, ஐந்திலும் இருக்கிறது, பின்னால் சின்ன எழுத்தில்.

 எனக்குத் தெரியாது மகளே, சத்தியமாகத் தெரியாது என்றார் காகா. பதினோரு பேரில் யாருக்கும் தெரியாது, அந்தப் பக்கத்தை எவன் படித்தான் என்றார். வக்கீலுக்கு இது தெரிந்தால் மனு நிற்காது, நீ இதை வெளியே சொல்லாமல் இருப்பது நல்லது என்று மெதுவாகச் சொன்னார். மிரட்டவில்லை, கெஞ்சுகிற மாதிரிதான் இருந்தது.

அம்மா பேனாவை மூடினாள்.

"அப்ப நான் சொன்னதுதான். எல்லாம் வூட்டுக்கே வந்துச்சி. மனுஷன் கண்ணத் தெறந்து பாக்கல."

அவள் குரலில் ஜெயித்த மாதிரி ஒன்றும் இல்லை. சோர்ந்துபோய்ச் சொன்னாள். ஆனால் இனி சாகிற வரைக்கும் அவள் இப்படித்தான் சொல்லுவாள், அதற்கான ஆதாரத்தை நானே கொண்டுவந்து கொடுத்துவிட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. அதனால்தான் அதைச் சொன்னேன். அம்மாவிடம் சொல்லாதே என்று நைனா சொன்னதை.

"கேட்டாரும்மா. நைனா கேட்டாரு. நான் இருந்தன்."

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். கம்பெனி மீட்டிங்குக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். குழந்தைகளுக்குச் சீட்டு கேட்க மாட்டார்கள். பூனாவில் ஒரு பெரிய ஹால், மேலே ஃபேன், மேடையில் சால்வை போட்ட சேர்மன். ஆளுக்கொரு அட்டைப்பெட்டியில் படாட்டா வடா, பேடா, ஒரு சின்ன பாக்கெட் சிப்ஸ். மீட்டிங்கில் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். ஆனால் கேட்டவர்கள் எல்லாம் சேர்மனைப் புகழ்ந்தார்கள். ஒருவர் போன வருஷம் கொடுத்த மாதிரி ஸ்டீல் டப்பா ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டார். இன்னொருவர் வடை ஆறிப்போய்விட்டது என்றார்.

அப்புறம் நைனா கையைத் தூக்கினார். மைக்கைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். முதலில் பேரும் ஊரும் வேலையும் சொல்ல வேண்டும். சொன்னார். தேஹு ரோடு டிப்போவில் குண்டுப் பெட்டிக்கு எழுத்து அடிக்கிறேன் என்றார். பிறகு கேட்டார்: "சாப், இஸ்மே கோயி கத்ரா ஹை க்யா?" இதில் ஏதாவது ஆபத்து இருக்கிறதா என்று. புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

சேர்மன் சிரித்தார். தினம் வெடிகுண்டு மேல் உட்கார்ந்திருக்கிறவர் வந்து பம்ப் விற்கிற எங்களைப் பார்த்து ஆபத்து இருக்கிறதா என்று கேட்கிறார் என்றார். ஹால் முழுக்கச் சிரித்தது. சேர்மன் கையைக் காட்டி, கவலைப்படாதீர்கள், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். மைக் அடுத்தவருக்குப் போய்விட்டது. நைனாவும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். அவர் காது சிவந்திருந்தது.

திரும்பி வரும்போது லோக்கல் ரயிலில், சிஞ்ச்வட் தாண்டினதும் அம்மாவிடம் சொல்லாதே பாப்பா என்றார். அவர் கூடுதலாக ஒரு வடைப் பெட்டி கேட்டு வாங்கியிருந்தார், அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பெரியவளான பிறகுதான் விளங்கியது. அத்தனை பேர் முன்னால் ஒருவர் தன்னைப் பார்த்துச் சிரித்ததை அவர் வீட்டுக்குக் கொண்டுவர விரும்பவில்லை.

கோயம்புத்தூர் அக்கா பார்த்த ஐந்தில் அந்த வருஷத்துப் புத்தகமும் ஒன்று. நைனா தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்ட அதே புத்தகம். அதன் பின்பக்கத்தில் அந்த இரண்டு வரியும் இருந்தது. மேடையில் இருந்தவருக்கு அது தெரியும்.

இதெல்லாம் அழுதுகொண்டே சொன்னேன். சொல்லி முடித்ததும் அம்மா என்னைப் பார்க்கவில்லை, காகாவைப் பார்த்தாள். காகா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம், கேட்டார் என்றார். நானும் அந்த ஹாலில் இருந்தேன். நானும் சிரித்தேன் அண்ணி என்றார்.

வெளியே பஜாரில் யாரோ பழைய பேப்பர் கேட்டுக் கூவிக்கொண்டு போனார்கள். அம்மா டைப் அடித்த பேப்பரைக் காகா பக்கம் தள்ளினாள். இதில் போட மாட்டேன், பொய் இருக்கிறது என்றாள். என்னிடம் நோட்டில் ஒரு தாள் கிழிக்கச் சொன்னாள்.

"நடந்தத எழுது. புக்குல இருந்துச்சின்னும் எழுது. இவரு கேட்டாருன்னும் எழுது. சிரிச்சாங்கன்னும் எழுது. தமிழ்லயே எழுது, நான் கையெழுத்து போடறன்."

வக்கீலுக்கும் சர்க்காருக்கும் தமிழ் தெரியாது என்றார் காகா.

"படிக்கத் தெரிஞ்சவங்கள வெச்சிப் படிச்சிக்கட்டும்" என்றாள் அம்மா.

காகா மறுக்கவில்லை. மனுவோடு சேர்த்துக் கொடுக்கிறேன், வக்கீல் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், நீ எழுதினதற்குக் கீழே நானும் சாட்சி போடுகிறேன் என்றார். அந்தத் தாள் இப்போது எந்த ஆபீஸில் எந்தக் கட்டுக்குள் இருக்கிறதோ தெரியாது. இதுவரை பதில் இல்லை. வரும் என்று நாங்களும் காத்திருக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் தரையில் குப்புறப் படுத்து எழுதினேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். மனுவுக்குத் தேவையில்லாததை எல்லாம் கேட்டாள். அன்றைக்கு எந்தச் சட்டை போட்டிருந்தார், இஸ்திரி போட்டதா, ஹாலில் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தீர்கள், எத்தனை பேர் இருப்பார்கள். எட்டு மாதம் பேசாமல் விட்டதை எல்லாம் என்னிடம் கேட்கிற மாதிரி இருந்தது. நான் தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததற்குத் தெரியாது என்றேன்.

"அவ்ளோ பேருக்கு நடுவுல, உக்காந்துகினேவா கேட்டாரு?"

"இல்லம்மா. எழுந்து நின்னுதான்."

அவள் தாளை என் பக்கம் நகர்த்தினாள்.

"அதயும் எழுது" என்றாள்.